ஆரஞ்சுத் தொப்பியும் ஒரு காதும்

நவம்பர் வந்துவிட்டால் தெற்கு டகோட்டா ஆண்களுக்கு முகமே கிடையாது. மான் வேட்டைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே சவரத்தை நிறுத்திவிடுவார்கள். தாடிக்கு மேலே ஆரஞ்சுத் தொப்பி, அதிலிருந்து காதை மூடிக்கொண்டு தொங்கும் இரண்டு மடிப்பு. கட்டிய பெண்டாட்டியே ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டியிருக்கும்போது முகம் பார்க்கும் இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த மாதம் முழுவதும் அது யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படும். சந்தேகப்பட்ட படமெல்லாம் ஆர்டிஸ் ஹாக்லண்டின் திரைக்கு வந்து சேரும்.

ஆர்டிஸுக்கு அறுபத்தொரு வயது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர்கள், குடியால் வீடு பிரிந்து பிள்ளைக்காக வழக்காடுகிறவர்கள் ஆகியோரிடம் நீதிமன்றம் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்திருக்கும். காலை ஆறுக்கும் மாலை ஏழுக்கும் அதில் ஊத வேண்டும். ஊதும்போதே அது படம் பிடித்து அனுப்பிவிடும். முகம் பொருந்தினால் இயந்திரமே விட்டுவிடும். பொருந்தாததை ஆர்டிஸ் பார்த்து, 'அதே ஆள்' அல்லது 'வேறு ஆள்' என்று அமுக்க வேண்டும். கருவியின் கண்ணை விரலால் மறைத்தவன், பலூனில் காற்றை அடைத்து ஊதியவன், மாமியாரை ஊதச் சொல்லிவிட்டுத் தன் தலையை மட்டும் நீட்டியவன் என்று எல்லாரையும் அவள் பிடித்திருக்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த வேலைக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம் முடி வெட்டினாள். முடி வெட்டுகிறவள் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதோடு சரி, அவள் கை புழங்குவதெல்லாம் காதைச் சுற்றித்தான். அதனால் ஊரில் பலரை ஆர்டிஸ் காதை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தாள். தேவாலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தே முன்வரிசையில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

டிசம்பர் முதல் வாரம் ஒரு புதன்கிழமை காலை, முந்தின நாள் மாலைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலின் ரோஸ்டாட் என்பவனின் படம் வந்தது. மழுங்கச் சிரைத்த முகம். தொப்பி இல்லை. மூக்கும் கன்னத்து மேடும் வெயிலில் கறுத்து, தாடிக்குள் இருந்த தாடையும் தொப்பிக்குள் இருந்த நெற்றியும் மாவு மாதிரி வெளுத்திருந்தன. மூச்சில் மது இல்லை, சுத்தமான பூஜ்யம். ஆனால் ஒரு மாதமாகத் தாடியையே பார்த்துப் பழகிய இயந்திரம், முகம் பொருந்தவில்லை என்று சிவப்பில் அடித்துச் சொன்னது.

படத்தோடு ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தான்: "தாடிய எடுத்துட்டேன். வெள்ளிக்கிழம பொண்ணு ஸ்கூல்ல கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி."

கோப்பில் விவரம் இருந்தது. மகளுக்கு எட்டு வயது, தாயிடம் வளர்கிறாள். ஒழுங்காக ஊதி வந்தால் வெள்ளி மாலை அவன் வண்டியில் கூட்டிப்போய் ஞாயிறு வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு சோதனை தவறினாலும் அது நின்றுபோகும்.

வழக்கம்போல ஆர்டிஸ் தன் திரையில் கடைசியாகத் தான் சரி சொன்ன படத்தைப் பக்கத்தில் வைத்தாள். ஆரஞ்சுத் தொப்பி, தாடி, லாரிக்குள் மங்கல் வெளிச்சம். இரண்டும் ஒட்டவே இல்லை. விரல் 'வேறு ஆள்' மேல் போய்விட்டது.

பக்கத்து மேசை மேவிஸ், முன்பு சிறைக் காவலராக இருந்தவள், எட்டிப் பார்த்தாள். "அமுக்குடி. மூக்கே வேறயா இருக்கு. இதுல என்ன ஆராய்ச்சி?"

"இரு. இந்தக் காத நான் எங்கயோ பாத்திருக்கேன்."

"உனக்கு எல்லாக் காதும் எங்கயோ பாத்த காதுதான்."

ஆர்டிஸ், நீதிமன்றத்தில் கருவி கொடுத்த அன்று எடுத்த முதல் பதிவுப் படத்தைத் திறந்தாள். நீதிபதி முன்னால் தொப்பியைக் கழற்றித்தானே ஆக வேண்டும். காது பளிச்சென்று தெரிந்தது. மடலின் அடி தொங்காமல் கன்னத்தோடு ஒட்டிய காது. நேற்று மாலைக் காதும் அதேதான். சவரம் செய்த இந்த மனிதன்தான் காலின் ரோஸ்டாட்.

அப்படியானால் தாடிக்காரன் யார்?

வேட்டைக் காலத்தில் அவள் சரி சொன்னவை ஒன்பது மாலைப் படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். எட்டில் மடிப்பு காதை மூடியிருந்தது. ஆறாவதில் மட்டும் ஒரு பக்கம் மேலே மடிந்திருந்தது. அந்தக் காதின் அடி தனியாகத் தொங்கியது. படத்தின் கீழே 'அதே ஆள்', அவள் பெயரின் முதலெழுத்துகள். முதல் நாள் தாடியையும் தொப்பியையும் பார்த்து ஏமாந்தவள், அடுத்த நாள் அந்தப் படத்தோடு ஒப்பிட்டிருக்கிறாள், அதற்கடுத்த நாள் இதோடு. ஒருமுறைகூட முதல் படத்துக்குப் போகவில்லை. காலை வேளைகளில் காலின் வீட்டுச் சமையலறையில் தொப்பியில்லாமல் தானே ஊதியிருக்கிறான். அவற்றை இயந்திரமே விட்டுவிட்டதால் அவள் பார்வைக்கு வரவேயில்லை.

மேவிஸ் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து அவன்தான் ஊதியிருக்கான், சுத்தமா இருக்கான். சரின்னு போட்டுட்டுப் போ. பழச யாரு தோண்டச் சொன்னா? ஒம்பதும் உன் பேர்ல இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

"திருந்திட்டான்னு நினைக்கிறியா?"

"பின்ன? தம்பியோ அண்ணனோ, அவன விட்டுட்டுத் தானா வந்து ஊதியிருக்கானே."

அதுதான் ஆர்டிஸையும் அறுத்தது. ஏமாற்றிய ஒன்பது நாளும் தப்பித்தவன், உண்மையாக நின்ற பத்தாம் நாளில் மாட்டுகிறான். ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் உறைபனி மினுங்கியது. வெள்ளிக்கிழமை மாலை, அவன் குடிக்கிற அதே மாலை வேளையில், அந்தச் சாலையில்தான் லாரியின் முன்சீட்டில் ஒரு குழந்தை உட்கார்ந்து வரும். இதை நினைத்த பிறகு அவளால் காபியைக் குடிக்க முடியவில்லை.

நேற்றைய படத்துக்கு 'அதே ஆள்' அமுக்கினாள். பிறகு எழுந்துபோய் மேலாளர் பெக்காவின் கதவைத் தட்டினாள்.

"ஒம்பது படத்த தப்பா விட்டுட்டேன். அறிக்கைய நானே எழுதுறேன்."

பெக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான்." அவமானமாகத்தான் இருந்தது. காதை வைத்து ஊரையே அடையாளம் சொல்கிறவள் ஒரு தொப்பியிடம் தோற்றிருக்கிறாள்.

வியாழக்கிழமை விசாரணை. ஆர்டிஸ் தொலைபேசியில் பேசினாள். நீதிபதி காதைப் பற்றிக் கேட்டார், விளக்கினாள். பிறகு மறுமுனையில் காலினின் குரல் கேட்டது.

"அது நீல், என் தம்பி. ஒம்பது நாளும் அவன்தான் ஊதினான், நான் குடிச்சிருந்தேன். வேட்டை முடிஞ்சதும் அவனே இனிமே ஊத மாட்டேன்னுட்டான். செவ்வாக்கிழமை நான்தான் ஊதினேன் மேடம். அதையும் எழுதியிருக்கீங்களா?"

"முதல் வரியிலயே எழுதியிருக்கேன்."

"சரிங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை மகளை அவளுடைய தாயே கூட்டிப்போனாள். காலின் நிகழ்ச்சியைப் பள்ளி அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம், பக்கத்தில் போகக்கூடாது என்று உத்தரவு. மூன்று மாதத்துக்குச் சனிக்கிழமை பகலில் இரண்டு மணி நேரம், தேவாலய அடித்தள அறையில், கண்காணிக்க ஒருவர் இருக்கும்போது மட்டும் மகளைப் பார்க்கலாம். நண்பகலிலும் ஒருமுறை ஊத வேண்டும். ஆர்டிஸின் வேலையை ஒரு மாதம் இன்னொருவர் சரிபார்த்தார். அவள் முணுமுணுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் படங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு முறையும் காலின் தொப்பியைக் கழற்றி, தலையை ஒருக்களித்து, ஒட்டிய காதைக் கருவிக்கு நேராகக் காட்டிக்கொண்டு ஊதினான். அப்படி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. முகம் முழுதாகத் தெரியவில்லை என்று இயந்திரம் ஒவ்வொரு முறையும் கத்தியது. நாளுக்கு மூன்று எச்சரிக்கை.

"இந்த ஆளுக்கு நேரா பாக்கத் தெரியாதா?" என்று மேவிஸ் அலுத்துக்கொண்டாள். "ஒரு கடிதாசி போட்டு விடுடி. நமக்கும் வேல மிச்சம்."

"வேண்டாம், இருக்கட்டும்."

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, முந்தின சனிக்கிழமை நண்பகலில் எடுத்த படம் திரையில் வந்தது. அடித்தள அறையின் பச்சைச் சுவர். வெட்டிக்கொள்ளாத முடி காதில் விழுந்திருந்தது. ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு, நகச்சாயம் பாதி உரிந்த இரண்டு விரலால் அந்த முடியை ஒதுக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு சின்னக் கையில் அவன் தொப்பி. பூஜ்யம்.

ஆர்டிஸ் முதல் பதிவுப் படத்தைத் திறந்தாள். அவசியமே இல்லை, அந்தக் காது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் இரண்டு காதையும் பக்கம் பக்கமாக வைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு, 'அதே ஆள்' என்று அமுக்கினாள்.