மூத்தவன் புகைவிட மறுத்த நாள்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வாழைக்கன்று. அது ஒரு வேனின் முன்பம்பரில் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. மறுபக்கம் இன்னொரு கன்று. நடுவே சாமந்தி மாலை, கண்ணாடியில் விபூதிப் பட்டை, அதன்மேல் ஈரம் காயாத குங்குமம். வேனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் மச்சான் நின்றிருந்தார். என் மனைவியின் அண்ணன்.

“இன்னா மாப்ள, எப்டி கீறான் மூத்தவன்?”

மூத்தவன் என்பது வேன். மச்சானிடம் மூன்று டீசல் வேன்கள் இருக்கின்றன. வயதுப்படி மூத்தவன், நடுவுலவன், சின்னவன். திருப்புலிவனம், மாகறல் பக்கத்து ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஒரு கம்பெனியின் ஷிப்டுக்கு இறக்கிவிடுவதும், ஷிப்டு முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும்தான் மூவருக்கும் பிழைப்பு.

“சோக்கா இருக்கான்” என்றேன். நான் பல வருஷம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது பழக்கம். பார்த்ததில் என்ன கோளாறு என்பது அன்று காலை எனக்கும் தோன்றவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மூத்தவனின் புகை எங்கள் பக்கத்தில் பிரசித்தம். அவன் கிளம்பும் சத்தம் கேட்டால் தெருவில் காயப்போட்ட துணிகளை எடுத்து உள்ளே போடுவார்கள். ஏரிக்கரை மேட்டில் அவன் ஏறும்போது பின்னால் பைக்கில் வருகிறவர்கள் பகல் பதினொரு மணிக்கு ஹெட்லைட் போடுவார்கள். தினமும் முதல் ஆளாக ஏறி முதல் சீட்டைப் பிடிக்கும் திருப்புலிவனத்து அக்கா ஒருவர் இருக்கிறார். வேனில் மற்றப் பெண்களுக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார்.

“அண்ணே, உன் வண்டில ஏறசொல்ல மனுசியா ஏறுறோம், எறங்கசொல்ல கரிமூட்டயா எறங்குறோம். எங்கள வேலைக்கு இட்டுக்கினு போறியா, சூளைக்கு இட்டுக்கினு போறியா?”

“பொகை இல்லாம போவணும்னா பல்லக்குல தாம்மா போவணும்.”

“பல்லக்கு சரி. தூக்கறது யாரு, நீயா? ஏரிக்கர தாண்டுவியா?”

இப்படிப் பேச்சோடு போய்க்கொண்டிருந்தது. பிறகு கம்பெனி வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, புகை அளவுக்குள் இருப்பதாக அரசு அதிகாரி சோதித்துக் கொடுத்த சீட்டு இல்லாத வண்டியைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். நடுவுலவனும் சின்னவனும் சீட்டு வாங்கிவிட்டார்கள். மூத்தவன் சைலன்சரில் கருவியை விட்டால் கருவிதான் ரிப்பேராகும் என்று மச்சானே சொன்னார். ஆனால் ஒப்பந்தம் மூன்று வேனுக்கு. ஒன்று குறைந்தாலும் மொத்தமும் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த வேறு ஆள் டீக்கடையில் மச்சானைப் பார்க்கும்போதெல்லாம் மிகவும் அன்பாக உடம்பை விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்க மானியம் பற்றித் தெரியவந்தது. பழைய டீசல் வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டு மின்சார வண்டி வாங்கினால், விலையில் ஒரு பகுதியை அரசு தரும். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். நிபந்தனைகளை உரக்கப் படித்தேன். மூன்று வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஒப்படைக்கும் வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். புகை அளவைத் தாண்டியிருக்க வேண்டும். மச்சான் மூன்றுக்கும் தலையாட்டினார். நான்காவது வரி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்: அதிகாரி நேரில் வந்து வண்டியைப் பார்வையிடுவார்.

அவர் காதில் மற்ற மூன்றும் அழிந்துபோனது அந்த நொடியில்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அதிகாரி வண்டியைப் பார்க்கிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், எஃப்சி. வண்டி ஓடத் தகுதியானது என்று சான்று வாங்கும் நாள். அதற்கு எல்லோரும் செய்வது ஒன்றுதான். பெயிண்ட் அடிப்பார்கள். சீட்டுக்கு உறை மாற்றுவார்கள். தீயணைப்பு சிலிண்டரும் முதலுதவிப் பெட்டியும் இரவல் வாங்கி மாட்டுவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் நான்கு புத்தம்புது டயர்கள் உண்டு. எஃப்சிக்குப் போகிற வேன்களில் ஏறுவதைத் தவிர அந்த டயர்களுக்கு வேறு வேலை கிடையாது. சாலையில் அதிகம் உருளாததால் வருஷக்கணக்கில் புதிதாகவே இருக்கின்றன.

மச்சான் மூத்தவனைப் பாயிடம் விட்டார். “ஆபீசர் வந்து பாக்கப்போறாங்க பாய். மானத்த வாங்கிடாத” என்று மட்டும் சொன்னார். பாய் மூன்று நாள் வேறு வேலை தொடவில்லை. பம்பைக் கழற்றினார், நாசிலைக் கழற்றினார், ஏர் பில்டரைப் புதிதாகப் போட்டார். மூன்றாம் நாள் மாலை இன்ஜின் ஓடும்போது அதன்மேல் ஒரு டம்ளர் டீயை வைத்துக் காட்டினாராம். டீ தளும்பவில்லையாம்.

ஆய்வு நடந்த மைதானத்துக்கு மச்சானோடு நானும் போனேன். எட்டரை மணிக்கு அங்கே பதினோரு வண்டிகள் நின்றன. பத்து வண்டிகளில் மாலை இருந்தது. எலுமிச்சம்பழம் தொங்கியது. திருமுக்கூடலிலிருந்து வந்த ஒரு லாரியின் பின்கதவில் பெயிண்ட் காயவில்லை, சாய்ந்து நின்றவர் முதுகில் ‘ஒலி எழுப்பவும்’ என்பதில் பாதி தலைகீழாகப் பதிந்திருந்தது. மாலை இல்லாத ஒரே வண்டி ஒரு பால் வண்டி. அதன் சொந்தக்காரர் விண்ணப்பம் போட்டதையே மறந்துவிட்டார். காலைப் பாலை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், இங்கே என்ன கூட்டம் என்று பார்க்க வந்திருந்தார்.

யார் வண்டி முதலில் என்று சண்டை வந்தது. சீட்டுக் குலுக்கலாம் என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்ததைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது குடம் அகப்படவில்லை. லாரிக்காரர் பெயிண்ட் பக்கெட்டைக் கொடுத்தார். மச்சானுக்கு முதல் இடம்.

அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண். குடைக்குக் கீழே மேஜை, மேஜைமேல் கருவி, கருவியிலிருந்து ஒரு குழாய். குழாயைச் சைலன்சரில் விட்டார்கள். மச்சான் ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்தார்.

“ஃபுல்லா மிதிங்க. விடுங்க. மறுபடி மிதிங்க.”

மூத்தவன் உறுமினான். நான் சைலன்சரைப் பார்த்தேன். அதன் வாயருகே காற்று கொஞ்சம் நெளிந்தது. வேறு எதுவும் வரவில்லை. கருவி ஒரு சின்னச் சீட்டைத் துப்பியது.

“நல்லா இருக்கே சார் உங்க வண்டி. இதுக்கு எதுக்கு மானியம்?” என்றார் அதிகாரி.

மச்சான் சிரித்தார். அதிகாரி பாராட்டிவிட்டார் என்ற சிரிப்பு. அது முகத்தில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

“மேடம், மெய்யாலுமே இது பொகை விடற வண்டிதான். ஊர்ல யார வேணா கேளுங்க!”

“கருவி சொல்றதத்தான் நான் எழுத முடியும்.”

மச்சான் இறங்கி, வேடிக்கை பார்க்க வந்திருந்த பாயிடம் போனார்.

“யோவ் பாய், இன்னாய்யா பண்ணி வெச்ச?”

“நீதானய்யா மானத்த வாங்காதன்னு சொன்ன?”

“பொகை வரலயே!”

“வராதுய்யா. நான் பாத்த வண்டி.” பாய் மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

“சரி, வர வெய்யி. பத்து நிமிசத்துல.”

“டாக்டராண்ட போயி, நல்லா கீற ஆள நோயாளியா மாத்துன்னு கேப்பியா? என் கையால அந்த வேல நடக்காது. என்ன பேஜார் பண்ணாத.”

மற்ற ஒன்பது வண்டிகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஒவ்வொருவராக மாலையைப் பார்த்தபடி திரும்பினார்கள். பால் வண்டிக்காரரைச் சும்மா ஒருமுறை மிதிக்கச் சொன்னார்கள். குடை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. புகைக்குள்ளிருந்து அதிகாரியின் இருமலும், அதைத் தொடர்ந்து “தகுதி” என்ற சொல்லும் கேட்டன.

நாலு மணி வரை இருப்பேன், வேண்டுமானால் இன்னொரு முறை கொண்டுவாருங்கள் என்று அதிகாரி மச்சானிடம் சொன்னார். மச்சானுக்கு ஒரு யோசனை. பாரம் ஏறினால் புகை வரும். இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு யாரையும் ஊரில் இறக்காமல் நேராக மைதானத்துக்கு வந்தார். மூன்றேகால் மணிக்கு மூத்தவன் வந்து நின்றான். ஜன்னல்கள் முழுக்கத் தலைகள்.

“இன்னாண்ணே, எங்கள எங்க இட்டாந்துகீற?” முதல் சீட்டு அக்காவின் குரல்.

“செத்த நேரம் கம்முனு குந்துமா. அப்டியே நல்லா வெயிட்டா குந்து.”

“வெயிட்டா எப்டி குந்துறது? வூட்ல உல கூட வெக்கல, இவுரு வெயிட் பாக்குறாரு!”

அதற்குள் மச்சான் பம்பரிலிருந்த வாழைக்கன்றை அவிழ்த்து, அடித்தண்டில் ஒரு சாண் வெட்டி, சைலன்சருக்குள் செருகிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அடைத்து வைத்தால் புகை உள்ளே சேரும், திறந்தால் சேர்ந்ததெல்லாம் ஒன்றாக வரும் என்று என்னிடம் விளக்கினார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி பார்க்கும்முன் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட மச்சான் ஏறி உட்கார்ந்தார். மிதித்தார்.

தண்டு போன வேகத்தில் அது எங்கே போகிறது என்று என்னால் பார்க்க முடியவில்லை. விழுந்த இடம் தெரியும். குடைக்கு மேலாகப் பறந்து, பால் வண்டியிலிருந்த காலி கேன் ஒன்றில் ‘ணங்’ என்று விழுந்தது. நிழலில் தூங்கிக்கொண்டிருந்த பால்காரர் எழுந்து, கேனுக்குள் எட்டிப் பார்த்து, பிறகு வானத்தைப் பார்த்தார்.

அதிகாரி எழுந்து வந்தார். சைலன்சர் ஓரத்தில் ஒட்டியிருந்த வாழை நாரை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். குழாயைச் செருகச் சொன்னார். ஆட்களை இறக்கச் சொன்னார், பெண்கள் இறங்கி வரிசையாக நின்றார்கள். மச்சான் மிதித்தார். கருவி இரண்டாவது சீட்டைத் துப்பியது.

“காலைல விட இன்னும் கம்மி” என்றார் அதிகாரி. சீட்டில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மச்சான் கையில் கொடுத்தார். விண்ணப்பத்தின் மேல் ‘தகுதியில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினார்.

மச்சான் சீட்டோடு வேன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் வாழைப்பால் கறையாகியிருந்தது.

“போச்சு மாப்ள. ஒண்ணாந்தேதி கேட்ல நிறுத்திடுவான். மூணு வண்டியும் வூட்டு வாசல்ல நிக்கும். என்னிய ஒடம்பு விசாரிச்சிக்கினு இருந்தான் பாரு, அவன் பொயப்பு ஓஹோன்னு ஓடும்.”

முதல் சீட்டு அக்கா அவர் கையிலிருந்து சீட்டை வாங்கினார். கைக்கெட்டிய தூரத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி படித்தார்.

“ஏண்ணே, இதுல பொகை அளவுக்குள்ள கீதுன்னு போட்டுக்கீது. கெவருமெண்டு சீலும் கீது. கம்பெனில ஒட்டிக்கீறது இத்த தான கேக்குது?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அறிவிப்பையும் நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னவன்.

“ஆமா” என்றேன்.

“பாய்!” என்று மச்சான் கத்தினார். பாய் அதற்குள் ஜாக்கி போட்டு மூத்தவனுக்கு மாட்டியிருந்த தன் புது டயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் வேறொரு வண்டிக்கு எஃப்சி. வழுக்கையான பழைய டயர்களோடுதான் மூத்தவன் அன்று மாகறல் வரை போய் எல்லோரையும் இறக்கினான். வழி முழுக்க அந்த அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனதாக மச்சான் சொன்னார்.

முதல் தேதி காலை கம்பெனி கேட்டில் காவலாளி சீட்டை வாங்கிப் பார்த்தார். மூத்தவனைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். கேட்டைத் திறந்தார்.

சீட்டு ஆறு மாதம் செல்லும்.