கண் இல்லாத குதிரைகள்

எட்டு வருடமாகக் குதிரை வரைகிறேன். நத்தம் சாலையில் புளியமரத்தடியில் கட்டிக் கிடக்கும் வெள்ளைக் குதிரை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். போட்டோவைப் பார்த்துக் குதிரை வரைகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிருள்ளது காலை மாற்றி வைக்கும், ஈ ஓட்டும், தொடையை வரைந்து முடிப்பதற்குள் திரும்பி நின்றுகொள்ளும். அந்த அவஸ்தையில்தான் கோடு வரும்.

குதிரைக்காரர் முதல் நாளே நிபந்தனை போட்டார். "என்னத்த வேணா வரைங்க டீச்சர். கண்ணு மட்டும் வேணாம். எங்க ஊரு அய்யனார் குதிரைக்குக் கடைசியாத்தான் கண்ணு திறப்பாக. திறந்துட்டா அது சாமி ஏறுற குதிரை. அப்புறம் மாப்பிள்ளைய எப்புடி ஏத்துறது?"

அது மண் குதிரை, இது கொள்ளு தின்கிற குதிரை, இதற்குப் பிறந்ததிலிருந்தே கண் திறந்துதான் இருக்கிறது என்றேன்.

"அது வேற, படம் வேற" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து என் நோட்டில் கண் இல்லாத குதிரைகள்தான்.

போன ஆவணியில் சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணம்; குதிரையோடு நானும் போயிருந்தேன். மண்டப வாசலில் அவர் குதிரைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருக்க, நான் வரைந்துகொண்டிருந்தேன். அதிசயமாக அது அசையாமல் என்னையே பார்த்தது. கை தானாகக் கண்ணுக்குப் போய்விட்டது. அப்படியொரு கண்ணை நான் அதுவரை வரைந்ததில்லை. ஈரம்கூடத் தெரிந்தது.

குதிரைக்காரர் எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் நோட்டைக் கும்பிட்டார். பிறகு, ஏறக் காலைத் தூக்கிய மாப்பிள்ளையைத் தடுத்து, "நில்லுங்க தம்பி, இதுல இனி ஆளு ஏறக் கூடாது" என்றார். பேண்டு வாத்தியம் நின்றது. பெண் வீட்டார் கத்தினார்கள். மாப்பிள்ளையின் மாமா மட்டும் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சுமாரா வரைஞ்சிருந்தாக்கூட விட்டிருப்பேன் டீச்சர்" என்றார் குதிரைக்காரர். அவருக்கு இருப்பது இந்த ஒரு குதிரைதான்.

"அழிச்சுட்டா?" என்று கேட்டேன்.

"கண்ணு போனா சாமியும் எறங்கிப் போயிரும்."

ரப்பரை எடுத்தேன். அவர் குனிந்து நின்று, "இன்னும் லேசாத் தெரியுது, இன்னும் கொஞ்சம்" என்றார். வெறும் தாளாகும்வரை தேய்த்தேன். "ஏறுங்க மாப்ள" என்றார். பேண்டு மறுபடி முழங்கியது.

என் படங்களைச் சூப்பர் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். உயிர் இருக்கிறதென்று நம்பிப் பயந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போய், அது வெறும் பென்சில் கோடுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.