பரு டாக்டர் வரைந்த தெரு

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்குப் ‘பரு டாக்டர்’ என்று பெயர். ஊசி போடவும் தெரியாது, மாத்திரை எழுதவும் தெரியாது. வீட்டு முன்னறையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நீலத் திரைக்கு முன்னால், ஆணியில் தொங்கும் பொதுக் கோட்டை மாட்டிக்கொண்டு யார் வந்து உட்கார்ந்தாலும் சரி, அவர்கள் முகத்தில் இருக்கும் பரு, வடு, கருவளையம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துத்தான் படத்தைக் கொடுப்பார். காய்கறிக்காரர் ஒருமுறை தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கே, யாரு இது?” என்று கேட்டார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

தன் கல்யாண ஆல்பத்தைத் தானே உட்கார்ந்து திருத்திய மாப்பிள்ளை உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த ஆல்பத்தில் என் மோவாய் மச்சத்தைக் காணோம். நான் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ‘போனால் போகிறது’ என்று விட்டுவிட்டேன். மகள் அப்படி விடுகிற ஆள் இல்லை.

சின்ன வயதில் ஸ்டுடியோவுக்குள் ஓடி விளையாடியபோது கேமரா ஸ்டாண்டில் இடறி விழுந்ததில் அவளுக்கு இடது புருவம் கிழிந்துபோனது. ஆறிய பிறகும் நடுவில் முடி முளைக்கவில்லை. காலேஜில் சேர இவர் எடுத்துக் கொடுத்த படத்தில் புருவம் முழுசாக இருந்தது. “இது நான் இல்லப்பா. என் மூஞ்சி உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு வேறு கடையில் போய்ப் படமெடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இவர் கேமரா முன்னால் அவள் நின்றதே இல்லை. ஸ்டாண்டை நடுவழியில் வைத்தது தான்தானே என்று இவருக்கு மனசு உறுத்தும். அதனால்தான் அந்தத் தழும்பை அழித்தார். அதை அவளிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே, மாட்டார்.

அவள் வெளியூர் ஹாஸ்டலில் தங்கி, கம்ப்யூட்டர் கேம் செய்யும் படிப்பு படிக்கிறாள். போன் செய்தால் என்னோடுதான் பேச்சு. போன மாதம் திடீரென்று, “அப்பாகிட்ட குடும்மா” என்றாள். இவர் போனை வாங்கும்முன் தலையை வாரிக்கொண்டார்.

“நான் செய்ற கேமுக்குப் பின்னணிப் படம் வேணும்ப்பா. நம்ம தெரு, பின்னாடி மலை, மேல மேகம். பிக்சல் ஆர்ட்டா இருக்கணும். பழைய வீடியோ கேம்ல வருமே, சின்னச் சின்னக் கட்டமா அடுக்கி, அது மாதிரி. ஓரமெல்லாம் படிப்படியா தெரியணும்.”

“அதெல்லாம் எனக்குக் கைவந்த கலை” என்றார் இவர். அதுவரை அப்படி ஒன்றை அவர் பார்த்தது கூடக் கிடையாது.

கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஸ்டாம்ப் அளவுக்கு ஒரு படத்தைத் திறந்து, கம்ப்யூட்டர் திரை நிறையப் பெரிதாக்கி, அதிலிருக்கும் பென்சில் கருவியை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நிறம் வைத்தார். மலை படிப்படியாக எழும்பியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? எங்கே மேடு பள்ளம் தெரிந்தாலும் இடது கை தானாக, பருவைத் தேய்த்து மறைக்கிற அந்த மெழுகும் பிரஷ்ஷுக்கான கீயைக் கீபோர்டில் தட்டிவிடும். இங்கே ஒரு தேய், அங்கே ஒரு தேய். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது மலை. நான் சொல்வதற்குள் அனுப்பியும் விட்டார்.

பதில் உடனே வந்தது. “மலைக்கும் பவுடர் போட்டுட்டீங்களா அப்பா?” கீழே இன்னொரு வரி. “என் கேம்ல ஒரு பொண்ணு ரோட்டுக் குழியெல்லாம் தாண்டித் தாண்டி வீட்டுக்கு வரணும். நீங்க ரோடு போட்டுக் கொடுத்திருக்கீங்க. பரவாயில்ல, வேற யாரையாவது கேட்டுக்கறேன்.”

கடைசி வரியை இவர் திரும்பத் திரும்பப் படித்தார். அன்றைக்குப் படத்துக்கு வேறு கடைக்குப் போய்விட்டாள், இப்போது இதற்கும் வேறு ஆள். முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் அதைக் காட்டிக்கொண்டால் நான் நானாக இருக்க முடியாது.

“அவ கேட்டது நம்ம தெருவை. நீங்க வரைஞ்சிருக்கிறது யார் வீட்டுத் தெரு? எழுந்து வாசல்ல போய்ப் பாருங்க” என்றேன்.

அவர் வெளியே போயிருந்த நேரத்தில், மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து அந்த மெழுகும் கீயின் மேல் நன்றாக அழுத்தி ஒட்டினேன். திரும்பி வந்தவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். அவளுக்கு, “ஒரே ஒரு தடவை பொறும்மா” என்று எழுதினார்.

இந்த முறை எதிர்வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடமெல்லாம் வந்தது. கரண்ட் கம்பம் சாய்ந்தபடியே நின்றது. குழி ஒவ்வொன்றையும் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வைத்தார். பிளாஸ்திரியில் விரல் படும்போதெல்லாம் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். முடித்த படத்தைப் பெரிதாக்கும்போது ஓரங்களைத் தானாக மெழுகுகிற வசதி ஒன்று இருக்கிறதாம். அதையும் மறக்காமல் நிறுத்தினார். எனக்குக் காட்டாமல் அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, குழியெல்லாம் சூப்பரா இருக்கு. நம்ம ஸ்டுடியோ கண்ணாடிக்குள்ள ஒரு போட்டோ மாட்டியிருக்கீங்களே, யாரு அது?”

“நீதான்.”

நான் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணிவிடலாம், அத்தனை கட்டத்தில் ஒரு முகம்.

“இடது புருவத்துல ஒரு கட்டம் விட்டுப்போச்சேப்பா.”

“விட்டுப்போகலம்மா. நான்தான் வைக்கல.” போனுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டார். “அந்த ஸ்டாண்டை நான் அங்க வச்சிருக்கக் கூடாது. அதைப் பார்க்க முடியாமத்தான் அப்போ அழிச்சேன். உன் மூஞ்சி பிடிக்காம இல்ல.”

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தார்.

“எனக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேணும்ப்பா” என்றாள் மகள். “லீவுல வர்றேன். நீங்களே எடுத்துத் தர்றீங்களா?”

வருகிறவர்களிடம் எல்லாம் ‘தலையை நிமிர்த்துங்க, தோளை இறக்குங்க’ என்று ஓயாமல் பேசுகிற மனிதர், போனை என் கையில் திணித்துவிட்டு நீலத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“எடுத்துத் தருவாரு, நீ வா” என்றேன் நான். “கீ மேல ஒட்டின பிளாஸ்திரியை, உன் போட்டோ கைக்கு வர்ற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன்.”