வேலிப் பொட்டுக்கு அடித்த தகரம்

என்னை யாரோ வேண்டுமென்றே குழப்புகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு ஒரே நாளில் வந்ததல்ல. முதலில் சந்தேகப்பட்டது பாண்காரனை. புத்தூரில் எங்கள் ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற அவனுடைய பேக்கரி ஓட்டோ, நான் சமையலை முடித்துக் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் வரும். ஒரு நாள் சமையலைப் பிற்போட்டுவிட்டு நேரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கு அவனும் நேரத்தோடு வந்தான். இதை என் மனுசனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

என் வேலை கல்வெட்டுச் செய்வது. கல்லும் உளியும் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு. முன்னுக்குப் பக்திப் பாடல்கள், பிறகு இறந்தவரின் வாழ்க்கை, பிறகு குடும்ப விபரம், கடைசியில் நன்றி. சுன்னாகத்தில் உள்ள ஓர் அச்சகத்துக்கு இவற்றை வீட்டிலிருந்தே தயாரித்துக் கொடுத்தேன். எழுத்து அடிப்பது, படம் வைப்பது, பிழை பார்ப்பது எல்லாம் நான்தான். குடும்பத்தாரும் விபரங்களை நேரே என்னுடைய வாட்ஸ்அப்புக்குத்தான் அனுப்புவார்கள். மனுசன் ஸ்கூல் வான் ஓடுகிறவர். மகன் படிக்க வெளியூர் போய்விட்டான். எனக்கென்று இருந்தது இந்த வேலை ஒன்றுதான். என்ன செய்கிறீர் என்று கேட்கிறவர்களுக்கு, சும்மா வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லாமல் தப்ப முடிந்ததும் இதனால்தான்.

கல்வெட்டில் எந்தப் பிழையையும் சனம் பொறுத்துக்கொள்ளும். குடும்ப விபரத்தில் பிழை வந்தால் மட்டும் பொறுக்காது. அதிலும் ‘காலஞ்சென்ற’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது யார் பெயருக்கு முன்னால் வரவேண்டும், யார் பெயருக்கு முன்னால் வரவே கூடாது என்பதில்தான் இந்த வேலையின் உயிர் நிற்கிறது. ஒருமுறை அந்தச் சொல்லை ஓரிடத்திலிருந்து வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டப்போன நேரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் முருங்கையிலையை வாங்கிக்கொண்டு வந்து ஒட்டினேன். கனடாவில் நல்ல சுகத்தோடு இருக்கிற ஒரு மனுசியின் பெயருக்கு முன்னால் அது போய் ஒட்டிக்கொண்டது. அந்தியேட்டி வீட்டில் சாப்பாட்டுப் பந்தியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மனுசி போனில் அழுத அழுகை முழு வீட்டுக்கும் கேட்டதாம்.

அச்சக முதலாளி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

“தங்கச்சி, இருக்கிற மனுசியைச் சாகடிச்சுப் போட்டீர். இன்னொருக்காக் குடும்ப விபரம் பிழைச்சுதெண்டால் நான் வேறை ஆளைத்தான் பார்க்கவேணும்” என்றார். 

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பிழை என்னுடையதல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மிச்சம் எல்லாவற்றிலும் இருந்தது.

முருங்கையிலை தந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு மூத்தவர். பண்டத்தரிப்பில் பிறந்து புத்தூரில் வந்து கலியாணம் கட்டியவர். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே உள்ள வேலியில், ஓர் ஆள் குனிந்து வந்துபோகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டில் நின்று “பிள்ளை” என்று கூப்பிடுவார். நான் போனால் ஒரு பிடி இலை, ஊறுகாய்க்கு இரண்டு தேசிக்காய், கூடவே ஒரு மரணச் செய்தி. குடாநாட்டின் எந்த மூலையில் செத்தவீடு என்றாலும் அங்கே அவருக்கு ஒரு சொந்தம் இருக்கும்.

நான் கவனித்துப் பார்த்தேன். பாடல் பக்கம் செய்யும்போது அவர் கூப்பிடுவதில்லை. குடும்ப விபரத்தைத் திறந்தால் கூப்பிடுகிறார். இது எப்படி? என் யன்னலும் பொட்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. அங்கே நின்று பார்த்தால் என் திரை தெரியுமோ என்று ஒரு நாள் அவர் கோயிலுக்குப் போன நேரம் நானே போய் நின்று பார்த்தேன். திரை தெரியவில்லை. ஆனால் என் முதுகு தெரிந்தது. முதுகைப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய ஆள்தான் அவர்.

அதோடு “இப்ப ஆரின்ரை கல்வெட்டுச் செய்யிறாய்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஏன் கேட்கவேண்டும்? ஒருமுறை பெயரைச் சொன்னதும், “அந்தாளின்ரை தம்பியும் போன மாசம் மோசம் போயிட்டார், காலஞ்சென்ற எண்டு போட்டனியே?” என்றார். நான் போட்டிருக்கவில்லை. வந்து போட்டேன். ஆனால் நன்றி சொல்லத் தோன்றவில்லை. என் வேலைக்குள் மூக்கை நுழைக்கிறார் என்று ஆத்திரம்தான் வந்தது. அவருடைய மகளும் கம்பியூட்டர் படித்தவள். இந்த வேலை அவளுக்குப் போகட்டும் என்றுதான் தாய் என்னைக் குழப்புகிறாள் என்று நான் முடிவு கட்டியது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து உடுப்பிட்டியிலிருந்து ஒரு கல்வெட்டு வந்தது. இளைப்பாறிய போஸ்ற்மாஸ்ரர் ஒருவருடையது. மகன்தான் என்னோடு கதைத்தார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்றைச் சொன்னார்.

“அப்பான்ரை அக்கா பண்டத்தரிப்பிலை இருக்கிறா. எங்களை வளர்த்ததே அவதான். கடைசிப் பக்கத்திலை அவவின்ரை படம் கலரிலை வரவேணும். முதல் புத்தகம் அத்தையின்ரை கையிலைதான் குடுக்கப்போறம். கவனமாச் செய்யுங்கோ.”

படத்துக்குக் கீழே போடும் வரியையும் அவரே அனுப்பினார். ‘இன்றும் எம்மோடிருந்து வழிகாட்டும் எங்கள் அத்தை’. 

இது பிழைத்தால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். கவனத்தை எப்படிக் காப்பது என்று யூடியூப்பில் தேடினேன். கோட்டும் சூட்டும் போட்ட ஒருவர், போனை அடுத்த அறையில் வையுங்கள், கதவைச் சாத்துங்கள், உங்களைக் குழப்புகிறவர்களைத் தயங்காமல் விலக்குங்கள் என்று சொன்னார். போனைத் தொடாதே என்று சொல்வதற்குப் போனுக்குள் வந்து நிற்கிற ஆளை முழுக்க நம்ப முடியுமா? ஆனாலும் கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த நாளே மனுசனைக் கொண்டு வேலிப் பொட்டுக்குத் தகரம் அடிப்பித்தேன். “அக்கா என்ன நினைப்பா?” என்று அவர் கேட்டார். நாய் வருகிறது என்று சொல்லச் சொன்னேன். யன்னலைச் சாத்தினேன். மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். படலையைப் பூட்டினேன். உடுப்பிட்டிக்காரர் அனுப்பிய எல்லாவற்றையும் கம்பியூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனை நிறுத்தி மனுசனின் கையில் கொடுத்தேன்.

“இந்த வேலை முடியுமட்டும் இதை என்ரை கண்ணிலை காட்டாதேங்கோ. ஆர் வந்தாலும் நான் இல்லை எண்டு சொல்லுங்கோ. ஆர் செத்தாலும் என்னட்டை வந்து சொல்லவேண்டாம்” என்றேன்.

“சரி” என்றார். அவ்வளவு கெதியாகச் சரி சொன்னது எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்தக் கிழமை நான் வேலை செய்தது போல வாழ்க்கையில் ஒருநாளும் செய்ததில்லை. எழுத்தில் ஒரு குற்று, ஒரு கால் பிசகவில்லை. வாக்கியங்கள் எனக்குள் தண்ணீர் போல ஓடின. அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் காது மட்டும் வேலிப் பக்கம்தான் இருந்தது. அக்கா குப்பை கூட்டுகிறார், வாளி வைக்கிறார், நடக்கிறார், தகரத்துக்குக் கிட்ட வந்து நிற்கிறார், போகிறார். வந்து நின்று பார்க்கிறீரா, பாரும் பாரும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கூப்பிட்டபோது குழம்பியதை விட, அவர் கூப்பிடாமல் இருந்தபோது அவரையே கூடுதலாகக் காவல் காத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசிப் பக்கம் செய்துகொண்டிருந்த காலையில் அவர் கூப்பிட்டார்.

“பிள்ளை... பிள்ளை, நிக்கிறியே? ஒருக்கா இஞ்சாலை வாவன்.”

நான் அசையவில்லை. தகரத்தில் கையால் தட்டினார். பிறகும் கூப்பிட்டார். குரல் வழமையைவிட அவசரமாக இருந்தது. எனக்கு அது இன்னும் சந்தோசமாக இருந்தது. பலிக்கவில்லை என்றதும் பதறுகிறார் என்று நினைத்தேன். அந்த அத்தையின் படத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். ‘இன்றும் எம்மோடிருந்து வழிகாட்டும்’ என்ற வரியைச் சரியாக நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். காலடிச் சத்தம் தூரப் போய்விட்டது. வென்றுவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

மனுசனின் ஸ்கூல் வானில் போய் நானே அச்சகத்தில் வேலையைக் கொடுத்தேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். “இந்தமுறை ஒரு எழுத்துப் பிழையும் இல்லைத் தங்கச்சி” என்றார். அந்தச் சந்தோசப் புளுகத்தில், தகரத்தையும் போனையும் இருந்தபடியே விட்டுவிட்டு அவர் கையோடு தந்த அடுத்த கல்வெட்டைத் தொடங்கினேன்.

உடுப்பிட்டியில் அந்தியேட்டி நடந்த அன்று மத்தியானம்தான் போனைக் கேட்டு வாங்கினேன். பாராட்டு வந்திருக்கும், வாசிக்கலாம் என்று ஆசை. போன் உயிர் பெற்றதும் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் போஸ்ற்மாஸ்ரரின் மகனிடமிருந்து. பழையதிலிருந்து தொடங்கினேன்.

‘அத்தை இன்று விடியப்புறம் மோசம் போயிட்டா. கடைசிப் பக்கத்து வரியை மாத்துங்கோ. குடும்ப விபரத்திலையும் மாத்துங்கோ.’

‘கோல் எடுத்தனான். போன் வேலை செய்யேல்லை. இதைப் பார்த்தனீங்களோ?’

‘நாங்கள் செத்தவீட்டிலை நிக்கிறம். அந்தியேட்டி தள்ளிப்போகேல்லை. நீங்கள் மாத்தியிருப்பீங்கள் எண்டு நம்பிறம்.’

கடைசியாக வந்தது அன்று காலை அனுப்பியது. எழுத்து ஒன்றும் இல்லை. அச்சான புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அந்த அத்தை கலரில் சிரித்துக்கொண்டிருந்தார். வரி சரியாக நடுவில் இருந்தது.

ஓடிப்போய் ஒழுங்கையால் சுற்றி அக்காவின் படலையைத் திறந்தேன். அவர் முற்றத்தில் புளி காயவிட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, அண்டைக்கு என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள்?”

“எண்டைக்கு? ஓ... அதுவே? உடுப்பிட்டி ஆளின்ரை தமக்கை எங்கடை பண்டத்தரிப்பிலை செத்துப்போனா. நீ அந்தக் கல்வெட்டுத்தானே செய்யிறாய் எண்டு சொல்ல வந்தனான். நீ நிக்கேல்லை. படலையும் பூட்டிக் கிடந்தது. பிறகு உன்ரை மனுசன் வானோடை வரேக்கை ஒழுங்கையிலை மறிச்சுச் சொல்லிவிட்டனான். சொல்லேல்லையே?”

அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஏதாவது ஒளித்திருப்பார் என்று தேடினேன். புளிக்கொட்டையைத் தவிர அவர் கையில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனுசனைப் பிடித்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா உங்களிட்டைச் சொன்னவவாம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவர் உருட்டிய சோற்றைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“நீர்தானே சொன்னனீர், ஆர் செத்தாலும் வந்து சொல்லவேண்டாமெண்டு.”

அவரையும் கூர்ந்து பார்த்தேன். வேண்டுமென்று செய்திருக்கிறார் என்று ஓர் அடையாளம், ஒரு சின்னச் சிரிப்பு, ஏதாவது கிடைத்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது சொன்னதைச் சொன்னபடி கேட்ட மனுசனின் முகம். எனக்கு அழுகை வந்தது.

முதலாளி பின்னேரம் கோல் எடுத்தார். அதுவரை என்னை நீர் என்று கதைத்தவர் அன்றைக்கு நீங்கள் என்றார். “அந்தப் போஸ்ற்மாஸ்ரரின்ரை பெடியன் ஒண்டும் பேசேல்லை. முதல் புத்தகத்தை அத்தையின்ரை படத்துக்கு முன்னாலை வைச்சவையாம். சரி தங்கச்சி, இனி நாங்கள் உங்களைக் குழப்பேல்லை. நீங்கள் ஆறுதலா இருங்கோ” என்றார். கையில் தொடங்கியிருந்த கல்வெட்டையும் அனுப்பிவிடச் சொன்னார்.

வேலை அக்காவின் மகளுக்குப் போகவில்லை. விசாரித்துப் பார்த்தேன், விசாரிக்காமல் என்னால் இருக்க முடியுமா? சுன்னாகம் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போனது. வாசலிலேயே மேசையைப் போட்டுக்கொண்டு, பஸ் ஹோர்னுக்கும் போகிறவர் வருகிறவரின் கதைக்கும் நடுவில் இருந்துதான் அடிக்கிறாராம். எந்த ஊரில் யார் செத்தாலும் பஸ்ஸால் இறங்குகிறவர்கள் முதலில் அவருக்குத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்களாம்.

தகரத்தை நானே கழற்றினேன். அக்கா அதைப் பார்த்தார். ஆனால் கூப்பிடுவதில்லை. “பிள்ளைக்கு வேலை கிடக்கும், குழப்பக்கூடாது” என்று மனுசனிடம் சொன்னாராம். இடைக்கிடை முருங்கையிலைக் கட்டு ஒன்று பொட்டடியில் கிடக்கும். வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுகிறார்.

மேசையைத் திரும்பவும் யன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். யன்னலும் திறந்துதான் இருக்கிறது. பாண்காரன் வந்து போய்விட்டான். அக்கா நடக்கிற சத்தம் கேட்கிறது. ஒருக்கா “பிள்ளை” என்று கூப்பிட மாட்டாரா என்று இருக்கிறேன். எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.