அத்தை அறுத்த ஃபில்டர்

மாமா ஆசையாகக் கொண்டுவந்த எஞ்சின் ஆயிலை அத்தை வேண்டாமென்று சொல்லிவிட்ட அன்று எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆரியசாலையில் எங்களோடு இருந்தாள். அரசுப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. ஆனால் பள்ளி வித்துராவில். மலைப்பக்கத்து பஸ்ஸை நம்பி ஒரு பெண் தினமும் போய்வருவதா, வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிடு என்றார் அப்பா. அத்தை சண்டை போடவில்லை. பஸ்ஸில் போகவில்லை, காரில் போகிறேன் என்றாள்.

அவள் சொன்ன கார், சாலைக் கடைத்தெருவில் இருந்த அப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் பெயிண்ட் டின்கள் சுமந்து களைத்துப்போன ஒரு பழைய சின்னக் கார். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் யாரோ ஓட்டி, எஞ்சின் இறுகிப்போய், எங்கள் வீட்டை ஒட்டிய குடோன் ஓரத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. காயலான் கடைக்காரனுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அத்தை அதைக் கேட்டு வாங்கி, கரமனையில் ஒரு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு எஞ்சினைத் திரும்பக் கட்டினார்கள். ஸ்கூல் விட்டதும் தினமும் அங்கே போய் நின்றாள். இரவெல்லாம் போனில் எஞ்சின் படங்களாகவே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கார்ட்டூன் கேட்டால் கிடைக்காது.

அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வித்துராவுக்குப் போய், வழியில் எங்கும் நின்றுபோகாமல் திரும்பி வரட்டும். அதற்குப் பிறகு பேசலாம்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கிழக்கேகோட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். நல்ல மனசுக்காரர். அந்த மனசு ஊருக்குத் தெரிந்தால் அதிலும் அவருக்கு வருத்தமில்லை. கடையிலேயே விலை கூடிய சிந்தெடிக் ஆயிலைத் தங்க நிற டப்பாவில் கொண்டுவந்து கூடத்து மேஜையில் வைத்தார். கூடவே இலவசமாக ஒரு ஆயில் ஃபில்டர். வெளிநாட்டு வண்டிக்குப் போடுகிற எண்ணெயாக்கும் என்றார்.

அத்தை டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்ததையெல்லாம் நிதானமாகப் படித்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

“நல்ல எண்ணெய்தான் அத்தான். ஆனா பழகுன எஞ்சினுக்குள்ளது. இதுல ரிங்கும் சிலிண்டரும் இப்போத்தான் ஒண்ணை ஒண்ணு பாக்குது. கொஞ்சம் உரசி இடம் பிடிக்கணும். இம்புட்டு வழுக்குனா ரெண்டும் பழகவே செய்யாது. எனக்குச் சாதா மினரல் ஆயில் மதி, அதுவே போதும்.”

மாமாவின் முகம் சுருங்கியது. “சரி டீச்சரே, ஃபில்டராவது எடுக்கலாமா?”

அதுவும் வேண்டாமென்றாள். அவர் கடையிலேயே உள்ளதில் உசத்தியான ஃபில்டர், அதிலும் இரண்டு, காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். எண்ணெயில் மட்டம், ஃபில்டரில் மட்டும் உசத்தி, இது என்ன கணக்கு என்று மாமாவுக்குப் புரியவில்லை. புது எஞ்சின் முதல் ஓட்டத்தில் நிறையப் பொடி கக்கும், அதையெல்லாம் பிடித்துவைக்க வேண்டியது ஃபில்டர்தான், முதல் எண்ணெயோ எப்படியும் கீழே கொட்டப்போவது, அப்போது ஃபில்டரையும் மாற்றவேண்டும் என்று அவள் விளக்கினாள். கொண்டுவந்த பரிசு திரும்பிப் போகிற வருத்தத்தில் மாமா அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவுக்கோ, வீடு தேடி வந்தவரை முகம் வாடவைத்துவிட்டாளே என்ற கோபம். அம்மா யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் மோர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஆனாலும் மாமா மறுநாள் இரண்டு ஃபில்டர்களையும் கொடுத்தனுப்பினார். ஞாயிறு காலை அவரே வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். தன் எண்ணெயை வேண்டாமென்ற வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க வந்திருப்பாரோ என்று அம்மா என் காதில் சொன்னாள். அவள் வீட்டுக் காவலுக்கு நின்றுவிட்டாள். அப்பாவும் நானும் பின்னால்.

அப்படியொரு கார்ப் பயணம் நான் அதற்குப் பின் போனதில்லை. அத்தை ஒரே வேகத்தில் ஓட்டவே மாட்டாள். மேட்டில் அழுத்துவாள். வேகம் ஏறியதும் காலை எடுத்து, வண்டி தானாகத் தளரும்வரை விடுவாள். மறுபடி அழுத்துவாள். அப்படி ஓட்டினால்தான் ரிங் இடம் பிடிக்குமாம். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துவிட்டு, கடக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நெடுமங்காடு வரை வண்டிக்குப் பின்னால் நீலப் புகை வந்தது. அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“பொகை வருதே,” என்றார்.

“வரும்ணா. ரிங் இன்னும் உக்காரல்ல.”

வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவள் கண் பாதையையும், மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெயில் கோளாறு வந்தால் எரிகிற சின்ன விளக்கையும் மட்டும் பார்த்தது. அந்த விளக்கு எரியவே இல்லை. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றம் தொடங்கியபோது நானும் எட்டிப் பார்த்தேன். புகை மெலிந்திருந்தது. வித்துரா சந்தைக்குள் நுழைந்தபோது சுத்தமாக இல்லை.

டீக்கடை முன் நிறுத்தியதும் மாமா இறங்கிப் போய், புகைக்குழாயின் வாய்க்குள் விரல் விட்டுத் துடைத்துப் பார்த்தார். எண்ணெய்ப் பசை ஒட்டவில்லை. வேட்டியில் விரலைத் துடைத்தபடி வந்து, “சம்மதிச்சேன் டீச்சரே,” என்றார். அத்தை சிரித்து, அவருக்கு வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். அப்பா டீயைக் குடித்து முடித்தார். பிறகு தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: “ஸ்கூல் எந்தப் பக்கம்? வந்ததுதான் வந்தோம், அதையும் பாத்துட்டுப் போவோம்.”

பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று நாங்கள் நாலு பேரும் பள்ளியைப் பார்த்தோம். அப்பா கம்பி வழியாகக் கிணறு இருக்கிறதா, மதில் உயரம் போதுமா என்றெல்லாம் பார்த்தார். எனக்கு ஊஞ்சல் இல்லாதது குறையாகப் பட்டது.

மத்தியானம் வீடு திரும்பியதும் எல்லாரும் கொஞ்சம் கண்ணயரப் போனார்கள். எல்லார் மனசிலும் காரியம் முடிந்துவிட்டது. அத்தை மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடோன் முன்னால் காருக்கு அடியில் பழைய சட்டியை வைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெயை வடித்தாள். அன்று காலை புதிதாகப் போட்டிருந்த அந்த உசத்தி ஃபில்டரைக் கழற்றினாள். அப்பாவின் கடையிலிருந்து எடுத்துவந்த இரும்பு அறுக்கும் வாளால் அதைச் சுற்றி அறுத்தாள். டப்பா கழன்று வந்தது. உள்ளே விசிறி போல மடித்த காகிதம். அதை அறுத்தெடுத்து, பிழிந்து, வெயிலில் விரித்தாள். ஸ்கூல் லேபிலிருந்து கொண்டுவந்திருந்த காந்தத்தை ஒவ்வொரு மடிப்பிலும் மெதுவாக ஓட்டினாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். மினுங்குகிற செதில் ஏதாவது தெரிகிறதா, நீயும் பார் என்றாள். அப்படி இருந்தால் எஞ்சினுக்குள்ளே ஏதோ உரசி இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது, வண்டி இன்று ஓடியதில் அர்த்தமில்லை.

நான் கண்ணைக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தேடினேன். அத்தை காகிதத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். சாம்பல் போல மெல்லிய பொடி மட்டுமே இருந்தது. மினுங்கும் செதில் ஒன்றுகூட இல்லை. இல்லை அத்தை, வெறும் அழுக்குதான் என்றேன்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எண்ணெய்க் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். பதவி உயர்வு வந்த நாளிலிருந்து யார் என்ன சொன்னபோதும் கண் கலங்காதவள். நான் பயந்துபோனேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரை ஒரே நாளில் அறுத்துப் பாழாக்கிவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “இன்னொண்ணு இருக்குல்ல அத்தை. அதை அறுக்க வேண்டாம்,” என்று ஆறுதல் சொன்னேன்.