குணம் அண்ணை பூட்டிய மீட்டர்

குணரத்தினம் அண்ணை காலமான செய்தி எனக்கு மூன்று தடவை வந்தது. முதலில் வாட்ஸ்அப் குழுவில், இரண்டு மெழுகுதிரிப் படங்களுக்கு நடுவில். பிறகு அந்தப் படங்களை அனுப்பியவரே அழைத்து, "பாத்தனீங்களோ?" என்று விசாரித்தார். கடைசியாக ராணி அக்கா அழைத்தார். "தம்பி, இவர் போயிட்டார்" என்றார். அவர் அண்ணையின் மனைவி. நான் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்த முடியவில்லை. பிறந்தநாட்கள் தள்ளிப்போவதில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். இத்தகைய மலர்களில் எங்கள் ஆட்கள் எல்லோரும் பண்பாளர்களாகவும் கொடைவள்ளல்களாகவும் இறக்கிறார்கள். ஜெர்மனியின் இந்த வுப்பர்டால் நகரத்தில் உயிரோடு இருப்பவர்களிடையே அப்படிப்பட்டவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பது எனக்கு விளங்கியதில்லை. நான் ஒரு வெப்பமானியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அண்ணையை அறியாதவர்களுக்கு: அவர் முப்பது ஆண்டுகள் ஒரு கைக்கருவித் தொழிற்சாலையில், அதாவது திருகாணி முடுக்கிகள் செய்யும் இடத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமைகளில் வீட்டு முற்றத்தில் ஊராரின் வாகனங்களைத் திருத்தினார். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். என் டீசல் வேன் என் மகளைவிட நான்கு வயது மூத்தது. அதில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே இருந்தது. வெப்பத்துக்கு ஒன்றுமே இல்லை.

"விளக்கு எரியேக்க எஞ்சின் முடிஞ்சிடும். அது மரண அறிவித்தல். முதலே சொல்லுறதுக்கு மீட்டர் வேணும்" என்றார் அண்ணை.

மூன்று சனிக்கிழமைகள் எடுத்தார். எஞ்சினில் பூட்டும் உணரியை இங்கே கேபர் என்பார்கள். பெருவிரல் அளவு பித்தளைத் துண்டு. எண்ணெய் அழுத்தத்துக்கு ஒன்று, தண்ணீரின் வெப்பத்துக்கு ஒன்று. பழைய விளக்கை அவர் கழற்றவில்லை. மூன்று வாய் உள்ள ஒரு இணைப்பைப் போட்டு, விளக்கின் சுவிச்சையும் புதிய கேபரையும் பக்கத்தில் பக்கத்தில் குடியமர்த்தினார். வெப்பக் கேபரைப் பூட்டுமுன் ராணி அக்காவின் ரசச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்து, முள் நூறைத் தொடுகிறதா என்று பார்த்தார்.

"தண்ணி கொதிக்கிறது எனக்குக் கண்ணாலயே தெரியுது" என்றார் அக்கா.

"சட்டிக்குள்ள தெரியும். எஞ்சினுக்குள்ள எட்டிப் பாப்பீரோ?"

"இனி இதில வைக்கிற ரசத்தில முதல் கோப்பை உங்களுக்குத்தான்."

பூட்டி முடித்ததும் எனக்கு ஒன்று சொன்னார். "இதுக்கு ஒரு வயர்தான். மற்ற வயர் எஞ்சின்ர உடம்பு. கரண்ட் திரும்பிப் போக மரை நேர இரும்பில முட்டவேணும். ஒழுகினால் என்னட்டக் கொண்டுவாரும். நாடா சுத்தாதையும்."

"ஓம் அண்ணை" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வெப்பக் கேபரின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரிந்தது. குழாய் திருத்துபவரிடம் டேர்மின் என்னும் முன்பதிவு நேரம் கிடைக்காததால் குழாய் வேலை பழகிய சமூகம் நாங்கள். எல்லோர் வீட்டு மேசை லாச்சியிலும் ஒழுக்கடைக்கும் வெள்ளை நாடாச் சுருள் ஒன்று இருக்கும். கேபரைக் கழற்றித் தாராளமாகச் சுற்றிப் பூட்டினேன். ஒழுக்கு நின்றது. அதன் பின் முள் முன்னையைவிடக் கீழே நின்றது. எஞ்சின் தேறிவிட்டது என்று மகிழ்ந்தேன்.

ஓர் ஓகஸ்ட் சனிக்கிழமை, முந்நூறு பேரின் சாப்பாட்டோடு பான் நகரத்துக் கல்யாணத்துக்குப் போனேன். மேடு ஏறும்போது முள் அறுபதில் அமைதியாக இருந்தது. முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. வேனை ஓரங்கட்டி அண்ணைக்கு அழைத்தேன். கல்யாணத்துக்கு வந்திருந்த அண்ணை, பட்டு வேட்டியோடு இரண்டு கார்களைக் கூட்டிக்கொண்டு வந்து சட்டிகளை ஏற்றுவித்தார். எஞ்சின் ஆறியதும் கேபரைக் கழற்றினார். மரையிலிருந்து வெள்ளை நாடா தொங்கியது.

என்னை ஒருதரம் பார்த்தார். நாடாவை உரித்து உருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். புதிய செப்பு வளையம் ஒன்றை வைத்துப் பூட்டினார்.

"ஆருக்கும் சொல்லாதையும்" என்றார். "சாப்பாடு பிந்தினதை ஆக்கள் மறக்கமாட்டினம். உமக்கு இது தொழில். எனக்குச் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு."

மண்டப வாசலில் பெண்ணின் தகப்பன் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை சொன்னார்: "மீட்டர் நான்தான் பூட்டினனான். பிழை விட்டிட்டன்."

நான் வாயை மூடினேன். ஒன்பது ஆண்டுகள் மூடியே இருந்தது.

அதன் பின் கோயில் மணிக்கூடு பிந்தினால்கூட, "குணம் பூட்டினதோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முற்றத்துக்கு வாகனங்கள் வருவது குறைந்து, பிறகு நின்றது. ஒரு சனிக்கிழமை அந்த வழியால் போனேன். அண்ணை முற்றத்தைக் கூட்டினார். யாரும் வராததால் மறுபடியும் கூட்டினார்.

"அண்ணை, நான் உண்மையைச் சொல்லிப்போடுறன்" என்றேன்.

"விடும். சனிக்கிழமை நித்திரையும் நல்லாத்தான் இருக்கு."

அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்தது.

அவர் இதயம் முன்னறிவிப்பின்றி நின்றது. நினைவுக் கூட்டத்தில் யாராவது அதை எஞ்சினோடு ஒப்பிட எண்ணியிருந்தால், தயவுசெய்து வேண்டாம். "அது வேற பம்ப்" என்றிருப்பார் அண்ணை.

தகனத்தன்று அந்தப் பெண்ணின் தகப்பன் என் பக்கத்தில் நின்றார். "நல்ல மனுசன். மீட்டர்தான் பூட்டத் தெரியாது" என்றார்.

"மீட்டர் சரி அண்ணை. நாடா சுத்தினது நான்."

"எந்த நாடா?"

விளக்க நேரம் இருக்கவில்லை. மூன்று மணிக்கு மண்டபம் அடுத்த குடும்பத்துக்கு. ஆகவே இங்கே எழுதுகிறேன்: குணரத்தினம் அண்ணை பூட்டியதில் ஒரு பிழையும் இல்லை. மரைக்கும் இரும்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி அதைப் பொய் சொல்லவைத்தவன் நான். இதைப் படித்தபின் எனக்குக் கல்யாணச் சமையல் தர யோசிப்பவர்கள் யோசிக்கலாம். மலர்க் குழுவினர் வேறு எந்த வரியை வெட்டினாலும் இதை வெட்ட வேண்டாம்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு அதே வேனில்தான் வருகிறது. ராணி அக்கா அப்படித்தான் கேட்டார். ரசச் சட்டியில் கொதித்த அதே கேபர், அண்ணை பானில் வைத்த அதே செப்பு வளையம். நேற்றும் மேட்டில் முள் எண்பத்தைந்துக்கு ஏறி, அங்கேயே நின்றது. உள்ளதைத்தான் காட்டுகிறது.

போயிட்டு வாங்கோ, அண்ணை.