பசுமைக்குடிலில் தானாக மூடிய ஜன்னல்

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பூம்பாறை மலைக்கிராமத்தில் எங்கள் பசுமைக்குடிலின் மேல் வானிலைக் கருவி பொருத்தி, வெளியே குளிர் கூடினால் ஜன்னல்கள் தாமாக மூடும்படி அமைத்தேன். கையால் திறக்க வழி வைக்கவில்லை.

மார்கழியில் ஒரு மதியம் மூடுபனி இறங்கியது. ஜன்னல்கள் மூடிக்கொண்டன. வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் குடிலின் வெப்பமும் ஈரப்பதமும் சரியாக இருப்பதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். உள்ளே என் மனைவி குளிருக்குக் கரிச்சட்டி மூட்டி நாற்று நட்டுக்கொண்டிருந்தது அந்தத் திரைக்குத் தெரியாது. காபிக்கு அழைத்தும் வராததால் போய்ப் பார்த்தேன். சுருண்டு கிடந்தாள். வெளியே இழுத்து வந்தேன்.

கரியின் நச்சுவாயு என்றார் மருத்துவர். அதைப் பாடமாக நடத்தியவன் நான். நல்லவேளை, பிழைத்தாள்.

"செடி வாடுனா ஒங்க மிஷினு சொல்லிரும். நான் வாடுனா?" என்றாள்.

மதுரையிலிருந்து வந்த மகன், "எல்லாத்தையும் கழட்டிப் போடுங்கப்பா. இந்த வயசுல எதுக்கு இந்தச் சோலி?" என்றான்.

"கழட்ட மாட்டேன்டா. தப்பு என்னோடது, மிஷினோடது இல்ல."

இப்போது குடிலுக்குள் கரி நுழைவதில்லை. ஜன்னலில் ஒரு கயிறு தொங்குகிறது. இழுத்தால் மோட்டாரின் பிடி விலகி ஜன்னல் திறந்துவிடும். நேற்று நல்ல குளிரிலும் அவள் அதை இழுத்தாள். கைப்பேசி எச்சரிக்கை எழுப்பிக் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.